‘கை’ சேர்ந்த தொடர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓரெழுத்தே சொல்லாக நிற்பவை நாற்பத்திரண்டு என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. அவற்றில் ஒன்று ‘கை’. அதைத் தலையில் வைத்துப் பிறந்த தொடர்களோ நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சென்னையில் செய்தி மேசையிலும் விளம்பரத்திலும் சப்டைட்டிலிலும் வேலை செய்கிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் சொல்லித்தரும் பெற்றோர் எனப் பலரும் இந்தத் தொடர்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே இருக்கின்றன. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே உள்ளன.

1. கைன்னா ஹேண்ட். அதுக்கு மேல இதுல என்ன இருக்கு?

முதல் வேறுபாடு உடம்பிலேயே தொடங்குகிறது. ஆங்கிலத்தில் மணிக்கட்டுக்குக் கீழே ஹேண்ட், மேலே ஆர்ம். தமிழில் தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே கைதான். உள்ளங்கை, புறங்கை, முன்கை, முழங்கை என்று வேண்டும்போது பிரித்துக்கொள்கிறோம். அதனால்தான் சட்டைக்கும் கை உண்டு: அரைக்கைச் சட்டை, முழுக்கைச் சட்டை. நாற்காலிக்கும் கை உண்டு. கேரம் பலகை முன்னால் ‘ஒரு கை குறையுது’ என்றால் ஆள் குறைகிறது.

தொடர்களில் ‘கை’ பெரும்பாலும் ஐந்து பொருள்களில் வருகிறது. பணம் (கையிருப்பு, கைச்செலவு), வசம் (கைப்பற்று, கைமாறு), செயல் (கைத்தொழில், கைதேர்ந்தவர்), உதவி (கைகொடு), அடிதடி (கைகலப்பு). புதிதாக ஒரு தொடரைக் கேட்டால் இந்த ஐந்தில் எது என்று பாருங்கள். பாதிப் பொருள் அங்கேயே பிடிபடும்.

2. ‘கைவிட்டான்’, ‘கை விட்டான்’, ‘கையை விட்டான்’. மூணும் ஒண்ணுதானே?

இல்லை. ‘குழந்தையின் கையை விட்டாள்’ என்றால் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பிடி நழுவியிருக்கிறது. ‘குழந்தையைக் கைவிட்டாள்’ என்றால் பெற்ற பிள்ளை வேண்டாம் என்று போய்விட்டாள். செய்தியில் இது மாறினால் ஒரு தாயின் மேல் பழி விழும்.

நடுவில் உள்ள ‘கை விட்டான்’ படிப்பவரைத் தடுமாற வைக்கும். துறந்தான் என்ற பொருளில் எழுதுவதாக இருந்தால் இடைவெளி விடாதீர்கள். சந்தேகம் வந்தால் ‘கை’க்கு முன்னால் ‘வலது’ என்று போட்டுப் பாருங்கள். ‘வலது கையை விட்டான்’ நிற்கும், ‘நண்பனை வலது கைவிட்டான்’ நிற்காது. நிற்காத இடத்தில் கை உறுப்பாக இல்லை.

3. அப்போ சேர்த்து எழுதினா மரபுத்தொடர், ‘கையை’ன்னு பிரிச்சா நிஜக் கை. இதை விதியா வெச்சுக்கலாமா?

பாதிக்குத்தான் உதவும். ‘ஐ’ இருந்தால்தான் உயிர் வருகிற மரபுத்தொடர்களும் இருக்கின்றன. செலவு வரவை மிஞ்சினால் ‘கையைக் கடிக்கிறது’. தொழிலில் நஷ்டப்பட்டவர் ‘கையைச் சுட்டுக்கொண்டார்’. செய்வதறியாமல் நிற்பவர் ‘கையைப் பிசைகிறார்’. இவற்றில் ‘கைசுட்டுக்கொண்டார்’ என்றெல்லாம் சுருக்க முடியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கைதட்டு, கைகுலுக்கு இரண்டும் சேர்த்தே எழுதப்படுகின்றன. செய்வதோ நிஜக் கைதான். ஆக 2ஆம் பதிலில் சொன்ன சோதனையைச் செய்து பார்த்துவிட்டு, அந்தத் தொடர் வழக்கத்தில் எப்படி இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

4. கைத்தறிக்கு ‘த்’ இருக்கு, கைதட்டலுக்கு இல்லை. எங்கே ஒற்று போடறது?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். மறைந்திருக்கும் வேற்றுமை உருபைத் தேடினால் விடை கிடைக்கும். கையால் இயக்கும் தறி கைத்தறி. கையில் எடுத்துச் செல்லும் பை கைப்பை. கைக்குழந்தை, கைக்குட்டை, கைத்தடி, கைக்கடிகாரம், கைச்செலவு எல்லாம் இந்த வகை. இரண்டு பெயர்ச்சொற்கள் ஒட்டி ஒரு பொருளுக்குப் பெயரானால், அடுத்து வரும் க, ச, த, ப இரட்டிக்கும். ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி நாளுக்குப் பதாகை எழுதும்போது அந்த ‘த்’ விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னால் வினை வந்தால் இப்படிப் பாருங்கள். ‘கையை’ என்று விரிந்தால் ஒற்று வராது: கைதட்டு, கைகட்டு, கைகழுவு, கைகோர், கைகொடு. கையே எழுவாயாக நின்றாலும் வராது: கைகூடியது, கைகலந்தனர். ‘ஞாலம் கருதினுங் கைகூடும்’ என்ற 484ஆம் குறளிலும் அப்படித்தான். ‘கையால்’, ‘கையில்’ என்று விரிந்தால் ஒற்று வரும்: கைப்பற்று, கைக்கொள். வினையிலிருந்து பெயர் பிறந்தாலும் தாய் வினையின் வடிவமே தொடரும். அதனால்தான் கைதட்டல், கைகலப்பு, கைகுலுக்கல்.

ஒரு விலக்கு: திருமணம் செய்துகொள்வதைக் குறிக்கும் ‘கைப்பிடித்தான்’. ‘கையைப் பிடித்தான்’ என்றுதான் விரிகிறது. ஆனாலும் ஒற்றோடு எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது. மாற்ற வேண்டாம். உயிரெழுத்து வந்தால் குழப்பமே இல்லை, எப்போதும் ‘ய்’ தோன்றும்: கையிருப்பு, கையுறை, கையெழுத்து.

5. கைம்மாறு, கைமாறு, கைமாத்து. எது எதுக்கு?

கைம்மாறு என்பது செய்த உதவிக்குத் திருப்பிச் செய்வது. மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்துவிட முடியும் என்று 211ஆம் குறள் கேட்கிறது. கைமாறு என்பது வினை, ஒருவர் வசமிருந்து இன்னொருவர் வசம் போவது: ‘அந்த வீடு மூன்று பேரிடம் கைமாறிவிட்டது’. தனியெழுத்தாக நிற்கும் ஐகாரச் சொல்லின் முன் மெல்லினம் இரட்டிக்கவும் செய்யலாம் என்றுதான் இலக்கணம் சொல்கிறது, கட்டாயம் இல்லை. ஆனால் வழக்கு அந்த ஒரு ‘ம்’மை வைத்து இரண்டு பொருளைப் பிரித்துவைத்திருக்கிறது. அதைக் காப்பாற்றுவது நல்லது.

கைமாத்து என்று சென்னையில் சொல்வதன் எழுத்து வடிவம் கைமாற்று. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சில நாளில் திருப்பித் தருவதாக நம்பிக்கையின் பேரில் வாங்கும் சிறு தொகை. புரோநோட்டில் கையெழுத்து விழுந்துவிட்டால் அது கடன், கைமாற்று இல்லை. ‘கைமாற்றாக ஐந்து லட்சம்’ என்று கதையில் எழுதினால் படிப்பவருக்கு இடிக்கும். இதன் ஆங்கிலமாக நாம் சொல்லும் ‘ஹேண்ட் லோன்’ இந்திய ஆங்கிலம். வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது விளக்கிச் சொல்ல வேண்டும்.

6. கைப்பேசியா, கைபேசியா?

கைப்பேசி. இரண்டும் அச்சில் வருகின்றன. ஆனால் 4ஆம் பதிலில் உள்ளபடி இது கைப்பை, கைக்கடிகாரம் வரிசையில் சேர்ந்த பெயர். ஒரே பக்கத்தில் இரண்டையும் கலப்பதுதான் பெரிய குறை.

7. ‘மேலாளர் பணத்தைக் கையாடினார்’னு எழுதிட்டோம். ஆபீஸ்ல பெரிய பிரச்சனை. என்ன தப்பு?

கையாடல் என்றால் பிறர் பணத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது. சொல்ல வந்தது பணப் பொறுப்பைப் பற்றி என்றால் ‘கையாண்டார்’ என்று இருக்க வேண்டும். நிகழ்காலத்தில் ‘கையாள்கிறார்’, எதிர்காலத்தில் ‘கையாள்வார்’. ‘கையாளினார்’ என்ற இறந்தகாலம் பிழை. ‘ஆள்’ என்பதன் இறந்தகாலம் ‘ஆண்டார்’ என்பதை நினைவில் வையுங்கள். நிறுவன அறிக்கை, நிர்வாகக் குறிப்பு இரண்டிலும் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். இது அவதூறு வழக்குவரை போகக்கூடிய எழுத்து மாற்றம்.

கையாள் என்பது பெயராகவும் வரும். அப்போது ஏவலுக்குக் காத்திருக்கும் ஆள் என்று பொருள். ‘அமைச்சரின் கையாள்’ என்பது வசை, ‘உதவியாளர்’ என்பது பதவி. கொத்தனாரோடு வேலை செய்பவரைச் சொல்ல ‘சித்தாள்’ என்ற சொல் இருக்கிறது.

8. கைவிடு, கைகழுவு, கைவிரி மூணுமே ‘விட்டுட்டுப் போறது’தானே?

மூன்றும் வேறு வேறு இலக்கணம், வேறு வேறு குற்றச்சாட்டு. ‘கைவிடு’ நடுநிலையாகவும் இருக்கும்: போராட்டத்தைக் கைவிட்டனர், திட்டத்தைக் கைவிட்டனர். ஆள் மேல் வந்தால்தான் சுடும். கெடுங்காலத்தில் கைவிடுபவரின் நட்பைச் சாகும்போது நினைத்தாலும் உள்ளம் சுடும் என்கிறது 799ஆம் குறள். சாலையோரத்தில் துருப்பிடித்து நிற்கும் கார்களை மாநகராட்சி ‘கைவிடப்பட்ட வாகனங்கள்’ என்கிறது. அது சரியான பயன்பாடு.

‘கைகழுவு’ எப்போதும் குறைகூறல். இதுவரை பொறுப்பில் இருந்தவர் இனி எனக்குச் சம்பந்தமில்லை என்று விலகுவது. ‘கட்சி அவரைக் கைகழுவிவிட்டது’ என்று எழுதினால் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். செய்தியில் வேண்டாம், கட்டுரையில் எழுதலாம்.

‘கைவிரி’க்குச் செயப்படுபொருள் கிடையாது. ‘என்னைக் கைவிரித்தார்’ பிழை. ‘கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்’ என்பதே சரி. இதில் மறுப்பும் இருக்கலாம், இயலாமையும் இருக்கலாம். ‘டாக்டர்கள் கையை விரிச்சுட்டாங்க’ என்று ஒரு வீட்டில் சொன்னால் அங்கே யாரும் டாக்டரைக் குறை சொல்லவில்லை.

9. ‘கை நீட்டிட்டான்’னா அடிச்சானா, வாங்கினானா? சப்டைட்டில் போடவே முடியலை.

கூட வரும் உருபு சொல்லிவிடும். ‘மேல்’ வந்தால் அடி: ‘அவ மேல கை நீட்டிட்டான்’. ‘கிட்ட’ வந்தால் கேட்பது: ‘யார்கிட்டயும் கை நீட்டி நிக்க மாட்டேன்’. ‘கை நீட்டிக் காசு வாங்கிட்டேன்’ என்று வாங்குவதோடு சேர்ந்தால் கடமைப்பட்டுவிட்டேன் என்று பொருள். முன்பணம் வாங்கியவர் வேலையை மறுக்க முடியாமல் சொல்வது இது. அதை லஞ்சம் என்று மொழிபெயர்த்தால் பாத்திரத்தின் குணமே மாறிவிடும்.

‘அவனுக்குக் கை நீளம்’ என்பது வேறு. பெரும்பாலும் திருடும் பழக்கம். சண்டையைப் பற்றிய பேச்சில் வந்தால் சட்டென்று அடித்துவிடுகிறவன். எதிர்ச்சொல் ‘கை சுத்தம்’. அது பணத்தில் நேர்மையை மட்டும் குறிக்கும்.

10. ‘கை வை’யும் அதே மாதிரிதானா?

ஏறக்குறைய. ஆனால் இங்கே உருபைவிட அது சேரும் சொல்தான் பிரிக்கிறது. ‘சம்பளத்துல கை வெச்சுட்டாங்க’ என்றால் பிடித்தம். ‘இலையில கை வைங்க’ என்றால் சாப்பிடத் தொடங்குங்கள். ‘தலையில கை வெச்சு உக்காந்துட்டார்’ என்றால் இடிந்துபோனார். அதுவே அடுத்தவர் தலையில் என்றால் அவருக்குக் கேடு செய்தார். ‘கை வெச்ச பனியன்’ 1ஆம் பதிலில் சொன்ன சட்டைக்கை.

‘மேல கை வெச்சான்’ என்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தாக்குதலையும் சொல்லும், பாலியல் சீண்டலையும் சொல்லும். பேச்சில் அந்த மறைப்புக்குக் காரணம் உண்டு. போலீஸ் புகாரிலும் செய்தியிலும் அது பாதிக்கப்பட்டவருக்கு எதிராகவே போகும். என்ன நடந்ததோ அதைத் தெளிவாக எழுத வேண்டும்.

11. லஞ்சச் செய்தி எல்லாத்துலயும் ‘கையும் களவுமாக’ வருது. கொலைச் செய்திக்கும் போடலாமா?

கூடாது. களவு என்றால் திருட்டு. திருடிய கையும் திருட்டுப் பொருளும் ஒன்றாகப் பிடிபடுவதுதான் இந்தத் தொடர். திருட்டு, லஞ்சம், கடத்தல், பரீட்சையில் காப்பி ஆகியவற்றுக்குப் பொருந்தும். கொலை செய்தவர் அங்கேயே பிடிபட்டால் ‘சம்பவ இடத்திலேயே பிடிபட்டார்’ போதும். ‘கையும் மெய்யுமாக’ என்பதும் இதே பொருளில் புழங்குவதுதான்.

லஞ்ச வழக்கில் இது ஏறக்குறைய நேர்ப்பொருளிலேயே நடக்கிறது. லஞ்ச ஒழிப்புப் போலீசார் நோட்டுகளில் பினாப்தலீன் பொடி தடவிக் கொடுத்தனுப்புவார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். செய்தியில் ‘ரசாயனப் பொடி தடவிய நோட்டு’ என்று வருவது இதுதான். லஞ்சத்துக்கு எழுத்துத் தமிழில் ‘கையூட்டு’ என்ற சொல்லும் உண்டு. ‘கைக்கூலி’ இப்போது அடுத்தவரின் ஏவலுக்கு விலைபோனவர் என்ற வசையாகவே அதிகம் வருகிறது. லஞ்சம் என்ற பொருளில் எழுதினால் குழப்பும்.

12. கைதுலயும் கைதியிலயும் கை இருக்கே? கையில விலங்கு போடறதாலயா?

இல்லை. கைது, கைதி இரண்டும் அரபு மூலத்திலிருந்து உருது வழியாக வந்தவை. கொத்துக்கறியைச் சொல்லும் கைமாவும் உருது வழி வந்ததே. கைங்கரியம், கைவல்யம் வடமொழி. பாகற்காய் கைக்கிறது என்பதில் உள்ள ‘கை’ தமிழ்தான், ஆனால் கசத்தல் என்ற வேறு வினை.

13. வருகை, கொள்கை, இருக்கை?

அந்தக் ‘கை’ விகுதி. வினையைப் பெயராக்க வருவது. செய்கை, படுக்கை, நம்பிக்கை எல்லாம் அப்படியே. பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது ‘கை’யை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வரு, கொள், இரு என்று வினை நின்றால் அது விகுதி. உள்ளங்கையில் எடுத்தால் நிற்பது வினை இல்லை.

14. ‘கைநாட்டு’ன்னு சொல்றது மரியாதைக் குறைவா?

ஆமாம். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைப்பதைச் சொன்ன சொல், எழுதப் படிக்கத் தெரியாத ஆளைக் குத்திக் காட்டும் சொல்லாகிவிட்டது. பத்திரப்பதிவில் படித்தவர், படிக்காதவர் எல்லோரிடமும் விரல் ரேகை வாங்குகிறார்கள். படிவத்தில் ‘பெருவிரல் ரேகை’ என்று எழுதுங்கள். வங்கியிலோ ரேஷன் கடையிலோ ஒரு பெரியவரிடம் ‘நீங்க கைநாட்டா?’ என்று கேட்கக் கூடாது. ‘ரேகை வைக்கிறீங்களாம்மா?’ என்றால் போதும்.

15. படிவத்துல கையெழுத்தா, கையொப்பமா?

கையொப்பம். கையெழுத்து என்பது எழுத்தின் அழகையும் குறிக்கும், ஒப்பமிடுவதையும் குறிக்கும். படிவத்தில் இரு பொருளுக்கு இடம் தரக்கூடாது. பேச்சில் கையெழுத்துப் போடுங்கள் என்பதே இயல்பு.

16. கைராசி, கைமணம், கைப்பக்குவம், கைமருந்து. விளம்பரத்துல எல்லாத்தையும் கலந்து போடறாங்களே?

கைராசி என்பது தொட்டது துலங்கும் என்ற நம்பிக்கை. டாக்டருக்கும், காலையில் முதல் போணி செய்பவருக்கும், செடி நடுபவருக்கும் சொல்வார்கள். கைப்பக்குவம் பழக்கத்தால் வருவது: ஆழாக்கும் தேக்கரண்டியும் இல்லாமல் உப்பும் புளியும் காரமும் அளவாகப் போடும் திறமை. கைமணம் அந்தத் திறமையின் பலன், ஒருவர் சமையலுக்கே உரிய ருசி. அதனால் ‘பாட்டியின் கைமணம்’ சரி. ‘பாட்டியின் கைராசி மசாலா’ என்றால் மசாலாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கைமருந்து, கைவைத்தியம் இரண்டும் வீட்டிலேயே செய்துகொள்வது: கஷாயம், சுக்கு, ஓமம். ‘கைகண்ட மருந்து’ அதற்கு நேர் எதிராக உறுதி கொடுக்கிறது: பலன் கண்கூடாக நிரூபணமானது என்று. நிஜ மருந்து விளம்பரத்தில் இதைப் போடுபவர்கள் கவனிக்க வேண்டும். சர்க்கரை நோய் போன்ற குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. மரபுத்தொடர்தானே என்ற சமாதானம் நிற்காது.

17. படத்துல பெண் வீட்டுக்காரர் ‘கை நனைச்சிட்டுத்தான் போகணும்’னு சொல்றார். ‘வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்’னு போட்டிருந்தாங்க. சரியா?

சரியில்லை. கை நனைத்தல் என்றால் அந்த வீட்டில் சாப்பிடுவது. சம்பந்தம் பேசும் இடத்தில் இதற்கு இன்னும் கனம் உண்டு. பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று பெரியவர்கள் பார்ப்பார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ஆகவே அந்த வசனத்துக்குப் பின்னால் கேள்வியே ‘முடிச்சுக்கலாமா?’ என்பதுதான். பகை இருக்கும் வீட்டில் ‘அங்க கை நனைக்க மாட்டேன்’ என்றால் உறவு முறிந்தது. சப்டைட்டிலில் சாப்பிடுவதைச் சொன்னாலே போதும், காட்சி மிச்சத்தைச் சொல்லிவிடும்.

18. ‘ஒரு கை’ வர்ற இடமெல்லாம் குழப்பமா இருக்கு.

‘ஒரு கை பிடிங்க’ என்றால் தூக்குவதற்கு உதவுங்கள். பீரோ நகர்த்தும்போது வயதில் மூத்தவரிடமும் தாராளமாகச் சொல்லலாம். ‘அவனை ஒரு கை பார்க்கிறேன்’ சவால். ‘பிரியாணியை ஒரு கை பார்த்தான்’ என்றால் வெளுத்துக்கட்டினான். ‘ஒரு கை அரிசி’ அளவு. ‘கை குடுங்க!’ என்று ‘ஒரு’ இல்லாமல், சிரித்த முகத்தோடு வந்தால் பாராட்டு.

19. ஆங்கிலத்துல ‘ஹேண்ட்’ வர்ற இடத்துல எல்லாம் ‘கை’ போட்டா போதுமா?

சில இடங்களில் இரண்டு மொழியும் ஒன்றாகவே நடக்கின்றன. ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ கைமீறிப்போனது. ‘சேஞ்ச் ஹேண்ட்ஸ்’ 5ஆம் பதிலில் பார்த்த கைமாறு. ‘அப்பர் ஹேண்ட்’ கை ஓங்கியது. இந்த ஒற்றுமையைப் பார்த்துவிட்டு மற்றதையும் அப்படியே இறக்குவதில்தான் பிழை வருகிறது.

‘ஆன் த அதர் ஹேண்ட்’ என்பதற்கு ‘மறுபுறம்’. பல இடங்களில் ‘ஆனால்’ என்பதே போதும். ‘ஹேண்ட்ஸ் ஆன் ட்ரெய்னிங்’ செய்முறைப் பயிற்சி. ‘ஷார்ட் ஹேண்டட்’ ஆள் பற்றாக்குறை. ‘செகண்ட் ஹேண்ட்’ வண்டியைச் சென்னையில் அப்படியே சொல்கிறோம். எழுத்தில் ‘பழைய வண்டி’. ‘இரண்டாம் கை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஓல்ட் ஹேண்ட்’ பழம் தின்று கொட்டை போட்டவர். ‘ஹேண்ட் டு மௌத்’ வாழ்க்கை நடத்துபவர் அன்றாடங்காய்ச்சி. மேடையில் ‘பிக் ஹேண்ட்’ கேட்பவர் கேட்பது பலத்த கைதட்டல். ‘ஒரு பெரிய கைகொடுங்கள்’ என்றால் நம் ஊரில் ஆள் எழுந்து போய் உதவிக்கு நிற்பார்.

‘ரெட் ஹேண்டட்’ ஸ்காட்லாந்துச் சட்டவழக்கிலிருந்து வந்தது. ரத்தக் கறையோடு பிடிபட்ட கை. அதனால் அங்கே கொலைக்கும் பொருந்தும். தமிழில் பொருந்தாததற்குக் காரணத்தை 11ஆம் பதிலில் பாருங்கள். ‘கெட் யுவர் ஹேண்ட்ஸ் டர்ட்டி’ இன்னும் வழுக்கும். ஆங்கிலத்தில் அது இறங்கி உழைப்பதையும் குறிக்கும். தமிழில் கறை படிந்த கை என்றால் ஊழல். ‘எங்கள் பொறியாளர்கள் கையைக் கறையாக்கிக்கொள்ளத் தயங்க மாட்டார்கள்’ என்று ஒரு நிறுவனத் தளத்தில் மொழிபெயர்த்தால் படிப்பவர் என்ன நினைப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

20. பழைய பாட்டுல வர்ற கையறுநிலை, கைக்கிளை எல்லாம் இந்தக் கையா?

கையறுநிலையில் உள்ள ‘கை’ செயலைக் குறிக்கிறது. செயலற்றுப் போன நிலை. மன்னனோ வள்ளலோ இறந்தபின் அவரைச் சார்ந்தவர்கள் பாடும் புறத்துறை. பாரி மகளிர் பாடிய புறநானூறு 112ஆம் பாடல் இந்தத் துறையைச் சேர்ந்தது. இன்றும் ‘கையறு நிலையில் இருக்கிறோம்’ என்று எழுதுகிறோம். சரிதான். ஆனால் சின்ன அசௌகரியத்துக்கெல்லாம் எழுதினால் சொல் தேய்ந்துவிடும்.

கைக்கிளை ஒருதலைக் காதல். அதில் ‘கை’க்குச் சிறுமை என்றும் ‘கிளை’க்கு உறவு என்றும் உரையாசிரியர்கள் பொருள் சொல்கிறார்கள். உறுப்போடு தொடர்பில்லை. 832ஆம் குறளில் ‘கையல்ல’ என்று வரும் இடத்தில் பரிமேலழகர் ‘கை’க்கு ஒழுக்கம் என்று பொருள் கொள்கிறார். பழைய நூலில் ‘கை’ வந்தால் 1ஆம் பதிலில் சொன்ன ஐந்து பொருள் போதாது, உரையைப் பார்த்தே ஆக வேண்டும்.

21. எந்த அகராதியில பார்க்கலாம்?

இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. முதற்பதிப்பு 1992, மூன்றாம் பதிப்பு 2020. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருப்பதால் எந்த உருபோடு வரும் என்பது தெரியும். பழைய பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை வெளிவந்தது, அனுபந்தம் 1939இல். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். அச்சில் பார்க்க வேண்டுமானால் எழும்பூர் கன்னிமராவுக்கோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ போகலாம்.

தேடும்போது ‘கை’ என்ற பதிவோடு நின்றுவிடாதீர்கள். கைவிடு, கைகழுவு போன்றவை தனித் தலைச்சொல்லாக இருக்கும். ஒற்றோடு ஒருமுறை, ஒற்றில்லாமல் ஒருமுறை தேடுங்கள். பேச்சு வடிவத்தை எழுத்து வடிவமாக்கிக்கொண்டு தேடுங்கள்: கைமாத்து கிடைக்காவிட்டால் கைமாற்று.

22. தொடரைக் கொஞ்சம் மாத்தி எழுதலாமா? பன்மை, அடைமொழி, செயப்பாட்டுவினை?

தொடருக்குத் தொடர் நெகிழ்ச்சி வேறு. ‘பலத்த கைதட்டல்’ நிற்கும். ‘பலமாகக் கைகொடுத்தார்’ என்றால் உதவி மறைந்து கைகுலுக்கல் வந்துவிடும். செய்பவர் பலரானாலும் கை ஒருமைதான்: ‘எல்லோரும் கைகொடுத்தனர்’. ‘கைகளை விட்டனர்’ என்றால் 2ஆம் பதிலுக்குத் திரும்பிவிடுவீர்கள், நிஜக் கைகள் வந்துவிடும். ‘கைவிடப்பட்டது’, ‘கைப்பற்றப்பட்டது’ இரண்டும் இயல்பு. கைவிரிக்குச் செயப்படுபொருள் இல்லை என்று 8இல் பார்த்தோம், ஆகவே ‘கைவிரிக்கப்பட்டது’ கிடையாது.

எதிர்மறையில் மட்டும் வாழும் தொடர்கள் தனி. ‘கையும் ஓடலை, காலும் ஓடலை’ என்று பதற்றத்தில் சொல்கிறோம். பதற்றம் தீர்ந்ததும் ‘கை ஓடியது’ என்று சொல்வதில்லை. ‘கையாலாகாத’ என்பதற்கும் வழக்கில் உடன்பாட்டு வடிவம் இல்லை. மேலும் அது ஆளைக் குத்தும் சொல், மரியாதைப் பன்மை சேர்த்தாலும் மென்மையாகாது. ‘உதவ இயலாத நிலையில் இருக்கிறார்’ என்று சொல்ல வந்தவர் ‘கையாலாகாதவர்’ என்று எழுதினால், சொல்ல வந்த இரக்கம் போய்த் திட்டு மட்டும் மிஞ்சும்.